ஐம்பத்தெட்டாவது நிமிடம்

அத்தியாயம் 11

போன வாரம் சுதர்ஷினியை நாம் விட்டது பதுளையிலிருந்து வரும் பஸ்ஸில். மடியில் லெப்டொப். முகம் பேயறைந்த மாதிரி.

ஆகாதா பின்னே? வெலிமடை உருளைக்கிழங்கு லொறிகளில் எது எந்தச் சந்தைக்குப் போக வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் நிரல் ஒன்றைப் பதுளை ஆபீசுக்காக எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு பிழை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் பிழை சரியாகியிருந்தது. அவள் திருத்தவில்லை. ஆபீசில் கேட்டால் யாரும் தொடவே இல்லை என்றார்கள். அடியில் ஒரே ஒரு வரி மட்டும் கூடுதலாகக் கிடந்தது. ‘கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு.’

அப்படி எழுதக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். சுதர்ஷினியின் அக்கா லக்ஷனா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், தெமோதரை ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனவள். போனவள் போனவள்தான். ஒரு தகவல் கிடையாது.

இதை வீட்டில் சொல்லலாம் என்றுதான் சுதர்ஷினி வந்தாள். சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் விடிந்தால் ஆடி அமாவாசை.

அந்த அமாவாசைதான் இன்றைக்கு.

அம்மா வடிவம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. விடியும் முன்னே தலைக்குக் குளித்துவிட்டுப் பூசணிக்காயை நறுக்க உட்கார்ந்துவிட்டாள். லயத்துச் சுவரில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுச் சுவரில், இரண்டு வாழை இலைகளைத் துடைத்துச் சாய்த்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் ஒரே இலைதான், செத்துப்போன அப்பாவுக்கு.

“ரெண்டு எலை யாருக்கும்மா?”

“ஒனக்குத் தெரியாதா?” அம்மா நிமிரவில்லை. “பன்னெண்டு வருஷம் ஆயிருச்சு. காணாமப் போனவங்களுக்குப் பன்னெண்டு பாத்துட்டு, செய்ய வேண்டியதச் செஞ்சுறணுமாம். பூசாரி மாரிசாமி அண்ணன் சொல்லிட்டாரு.”

இலை போட்டுப் பெயர் சொல்லிச் சோறு வைத்துவிட்டால் முடிந்தது கதை. அதற்கப்புறம் லக்ஷனா உயிரோடு வந்து வாசலில் நின்றாலும் இந்த வீட்டுக்கு அவள் செத்தவள்தான். ஒரு மணிக்குப் படையல். இப்போது மணி ஒன்பது.

“இன்னும் ஒரு வருஷம் பாக்கலாமே.”

“பாத்து?” என்றாள் அம்மா. அவ்வளவுதான். கத்தி பூசணிக்காயில் டக்கென்று இறங்கியது.

அண்ணன் கிரிஷாந்தன் உள்ளே வந்தான். ஸ்டேஷனில் த்ரீவீல் ஓட்டுகிறவன். அவனும் இன்றைக்கு ஓட்டம் போகவில்லை.

“சுதா, அக்கா படம் ஒன் லெப்டொப்புலதான இருக்கு? குடு. பதுளைக்குப் போயிப் பெருசாக்கிட்டு வந்துர்றேன். படம் இல்லாம எலை போட்டா யாருக்குப் போட்டம்னு தெரியாதாம், மாரிசாமி மாமா சொன்னாரு.”

வீட்டில் இருக்கும் ஒரே படம் அதுதான். பதினெட்டு வயது லக்ஷனா, செப்புக் கம்பியை வளைத்துச் செய்த மூக்குக்கண்ணாடியோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம். சுதர்ஷினி அரை மனதோடு லெப்டொப்பைத் திறந்தாள். ‘அக்கா’ என்று பேர் போட்டு வைத்திருந்த பகுதியைத் தட்டினாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

“அழிச்சிட்டியா?”

“நான் ஏன் அழிக்கிறேன்? நேத்து ராத்திரி கூடப் பாத்தேன் அண்ணே!”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்த சுதர்ஷினிக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் வருத்தம் இல்லை. பயம் இருந்தது.

“படம் இல்லாம எப்பிடி?” என்றாள் அம்மா. “வேற படம் கெடையாதே. இல்லவே இல்லையே.”

யாரும் வேறு படம் உண்டா என்று கேட்கவே இல்லை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

“இண்டர்நெட்டுல ஒரு கொப்பி இருக்கும். ஸ்டோருக்கு மேல போனா சிக்னல் கெடைக்கும், எடுத்துட்டு வந்துர்றேன்.”

“அமாவாசையும் அதுவுமா அங்க போறியா?”

“வேற எங்க சிக்னல் இருக்கு? லயத்துக்குள்ள என்னிக்காச்சும் ஒரு கோடு காட்டியிருக்கா?”

உண்மைதான். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், மூடிக்கிடக்கும் பழைய தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடி. தோட்டத்து ஆட்கள் ஃபெக்டரியை ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். சுதர்ஷினியின் ஆபீஸ் அதுதான். மூன்றாவது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதன்மேல் லெப்டொப். கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து எழுதுகிறவள் வாங்கும் பாராட்டை இவளும் வாங்குகிறாள், வௌவால் எச்சத்துக்கு நடுவில்.

பையை மாட்டிக்கொண்டு அவள் மலைப்பாதையில் ஏறட்டும். அதற்குள் ஒரு சினிமாப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

சுதர்ஷினிக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா பதுளையில் இருந்து ஒரு சினிமா டிஸ்க் வாங்கி வந்தார். அடிதடிப் படம். அதில் கதாநாயகனுக்கு ஓர் அக்கா. பேர் நந்திதா. கம்பியூட்டரில் நிரல் எழுதுகிறவள். பெரிய கண்ணாடி போட்டிருப்பாள். ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வரும். நந்திதா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பாள். பிழை எங்கே என்று தெரிந்துவிடும். மேசையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு ஒரே அழுத்து. டொக், டொக்… டக். ரயில் நிற்கும்.

சுரங்கத்துக்குள் ரயில் கூவுவதைக் கேட்டே வளர்ந்த தெமோதரைப் பிள்ளைகளுக்கு அது போதாதா! ஒரு பொம்பளைப் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் இருந்தே ரயிலை நிறுத்துகிறாள் என்றால் சும்மாவா?

அப்பா ஸ்டோரில் மெஷின் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் ஓடாது. மகள்கள் இரண்டு பேரையும் மேல்மாடிக்குக் கூட்டிப்போய் விடுவார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நந்திதாவின் விசைப்பலகையை அடுப்புக்கரியால் அங்கே பலகைத் தரையில் வரைந்தாள் லக்ஷனா. கம்பியூட்டர் என்ற சாமானைத் தொட்டே பார்க்காத இரண்டு பிள்ளைகள் அந்தக் கரிக்கட்டங்களின் மேல் விரல் வைத்துத் தட்டப் பழகினார்கள். மெஷினின் செப்புக் கம்பியில் அப்பா கண்ணாடி செய்து கொடுத்தார். சுதர்ஷினி தப்பாகத் தட்டினால் லக்ஷனா சொல்லுவாள், “கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு.”

ஆனால் ஒன்று. படம் ஐம்பத்தெட்டாவது நிமிடத்துக்கு வந்ததும் லக்ஷனா நிறுத்திவிடுவாள். “அம்புட்டுத்தான். படம் முடிஞ்சுது.” சுதர்ஷினியும் அதை நம்பினாள்.

மீதிப் படத்தை அவள் பார்த்தது இருபது வயதில், பதுளையில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில். ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் நந்திதாவைக் கொன்றுவிடுகிறார்கள். இடைவேளை. அதற்கப்புறம் தம்பிக்குக் கோபம் வந்து ஊரையே அடித்து நொறுக்குகிறான். அக்காவுடைய கம்பியூட்டரைத் திறக்க அவன் ஒரே தடவையில் கண்டுபிடிக்கும் பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? அவனுடைய பேர்! அத்தனை படித்தவள் தம்பி பேரைத்தான் பூட்டாகப் போட்டிருந்தாளாம். வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுதர்ஷினியும் சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த வகுப்பில் பதினொரு பெண் பிள்ளைகள். அதில் ஏழு பேர் நந்திதாவைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்ததாகச் சொன்னார்கள். அவள் சாவதைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து சுதர்ஷினியின் பாஸ்வேர்ட் நந்திதாவின் பேர்தான், பின்னால் ஐம்பத்தெட்டு. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய ஆளும் ஒருத்திதான்.

இந்த வீட்டில் படத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் யார் என்றால், அம்மா. கம்பியூட்டர் படிக்கக் கொழும்புக்குப் போகிறேன் என்று லக்ஷனா சொன்ன அன்றைக்கு, டிஸ்க்கை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துவிட்டு அம்மா கத்தினாள்: “அந்தப் பொம்பள செத்துப்போறாடி! ஒன்னையும் எவனாச்சும் கொன்னு போடுவான்!” மறுநாள் காலை ரயிலில் லக்ஷனா போய்விட்டாள்.

சரி, சுதர்ஷினி மேலே வந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கியிருந்தது. ஸ்டோரின் தகரக் கூரை பாதிதான் தெரிந்தது. கீழ்த்தளத்தில் ரோதைமுனி கோயில். ரோதை என்றால் மெஷின் சக்கரம். அதைக் காக்கிற சாமி ரோதைமுனி. சாயங்காலம் சக்கரம் நின்றதும் அவருக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் வைப்பது தோட்டத்து வழக்கம். பாலில்லாத தேநீரைத்தான் இங்கே சாயத்தண்ணி என்பார்கள். ஸ்டோரு மூடி மூன்று வருஷமாகச் சக்கரம் சுற்றவில்லை. ஆனாலும் பூசாரி மாரிசாமி ஒரு நாள் தவறாமல் வைத்துவிட்டுப் போகிறார்.

“மாமா.”

மாரிசாமி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். கையில் இருந்த கற்பூரம் விழுந்தது.

“சுதாவா! சத்தம் போட்டுட்டு வரக்கூடாதா புள்ள? நடை அப்பிடியே… சரி, விடு.”

“யாரு நடை மாதிரி இருந்துச்சு?”

அவர் முனிக்கு முன்னால் இருந்த கோப்பையைக் காட்டினார். காலியாக இருந்தது. பக்கத்தில் கருப்பட்டித் துண்டு வைத்தபடியே இருந்தது.

“எப்பவும் கருப்பட்டிய எறும்பு தூக்கிட்டுப் போயிரும், சாயத்தண்ணி அப்பிடியே ஆறிக் கெடக்கும். இப்ப ஒரு மாசமா தலகீழா நடக்குது. சாயத்தண்ணி சொட்டு இல்லாம முடிஞ்சிருது. கருப்பட்டிய எறும்பு கூடத் தொட மாட்டேங்குது.”

சுதர்ஷினிக்குப் பிடரியில் சில்லென்றது. சாயத்தண்ணியோடு கருப்பட்டி கடிக்காத ஆளைத் தோட்டத்தில் தேடினாலும் கிடைக்காது. அவள் அறிந்து ஒருத்திதான் வெறுமனே குடிப்பாள். லக்ஷனா.

“மேல போகாத புள்ள இன்னிக்கு.”

“அக்கா படம் காணாமப் போச்சு மாமா. தேடி எடுக்கணும்.”

“படம் இல்லையா?” மாரிசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். குளிரில் பல் கிட்டுகிற நாளில் அவருக்கு வேர்த்திருந்தது. “அப்பிடின்னா… அம்மா வேற படம் எதுவும் எடுத்துச்சா?”

“வேற படம் ஏது மாமா?”

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. போ.” போகாதே என்றவரே போ என்றார்.

மேல்மாடியில் கொழுந்து வாட்டும் நீள நீளத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. உடைந்த ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து தரையில் தவழ்ந்தது. சுதர்ஷினி தன் பலகையில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தாள். சிக்னல் வந்தது.

இண்டர்நெட்டிலும் படம் இல்லை. யார் அழித்தது என்ற விபரம் மட்டும் இருந்தது. இன்று காலை ஆறு மணி ஐந்து நிமிடம். அவளுடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்து அழித்திருக்கிறார்கள். ஆறு ஐந்துக்கு அவள் பீலிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தாள். லெப்டொப் லயத்துக்குள், சிக்னலே வராத இடத்தில், மூடிக் கிடந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக், டொக்… டக்.

கூரையில் பனி சொட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொட்டுகிற தண்ணீருக்குத் தாளம் தெரியுமா என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

லொறி நிரல் திரையில் திறந்திருந்தது. அதன் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கை மடியில் இருந்தது.

‘கண்ணாடியப் போட்டியா?’

சுதர்ஷினி மெல்லத் தட்டினாள். ‘யாரு?’

டொக், டொக்… டக். ‘நந்திதா.’

‘அக்கா! நீதானா?’

திரையில் அடுத்த வரி வந்தது. ‘படத்த நான்தான் எடுத்தேன்.’

‘ஏன்?’

‘அது பழைய படம்.’

இது என்ன பதில்? சுதர்ஷினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தட்டினாள். ‘அம்மா இன்னிக்கு ஒனக்கு எலை போடுது. ஒரு மணிக்கு. நீ உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போயி நிறுத்திர்றேன். சொல்லுக்கா!’

காத்திருந்தாள். மூடுபனி ஜன்னலை மறைத்துவிட்டது. பிறகு மூன்றே வார்த்தை வந்தது.

‘அம்மாகிட்டயே கேளு. கேளு.’

‘எத?’

சத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் சுதர்ஷினிக்கு உறைத்தது, அந்தச் சத்தம் லெப்டொப்பில் இருந்து வரவில்லை. மாடியின் அந்தக் கோடியில் இருந்து வந்தது.

ஓடியிருக்கலாம். நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவள் எழுந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். தரையெல்லாம் விரல் கனத்துக்குத் தூசி. கடைசித் தட்டுக்குப் பக்கத்தில், சின்ன வயதில் வரைந்த கரி விசைப்பலகை. வருஷக்கணக்காக அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை. அதைச் சுற்றித் தூசி கலையாமல் கிடந்தது. ஒரு காலடி கிடையாது. கட்டங்களின் மேல் மட்டும் தூசி இல்லை. ஒவ்வொரு எழுத்திலும் ஒரு விரல் நுனி அளவுக்குத் துடைத்திருந்தது.

குனிந்து தொட்டாள். கரி விரலில் பளிச்சென்று ஒட்டியது. பன்னிரண்டு வருஷத்துக் கரி ஒட்டுமா?

லெப்டொப்பைப் பையில் திணித்துக்கொண்டு அவள் இறங்கின வேகத்தில் படிகள் கதறின. கோயிலில் மாரிசாமி இல்லை. கற்பூரத் தட்டு தரையில் கவிழ்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. இரண்டு இலையும் விரித்தாகிவிட்டது. இரண்டிலும் ஓரத்தில் ஒவ்வொரு கருப்பட்டித் துண்டு. சோறு மட்டும்தான் பாக்கி.

“நல்ல நேரத்துக்கு வந்த,” என்றான் கிரிஷாந்தன். “ஒன் படம் வேணாம். அம்மாவே பெட்டியத் தொறந்து ஒண்ணு எடுத்துக் குடுத்துருச்சு. இம்புட்டு நாளு எங்க இருந்துச்சோ.”

அப்பா படத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து.

சுதர்ஷினி கிட்டப் போய்ப் பார்த்தாள். அக்காதான். அதே சிரிப்பு. ஆனால் கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மூக்கில் கண்ணாடி. செப்புக் கம்பி இல்லை, கடையில் வாங்கிய அசல் கண்ணாடி. பின்னால் உயரமான கண்ணாடி ஜன்னல், அதற்கப்பால் கடல்.

“அம்மா,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “அக்கா எந்தக் காலத்துல அசல் கண்ணாடி போட்டுச்சு?”

சோற்றுச் சட்டியோடு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

“கடலுக்குப் பக்கத்துல எப்ப நின்னுச்சு? அது போகும்போது போட்டிருந்தது ஸ்கூல் சப்பாத்தும் என் சட்டையும். இந்தப் படம் ஒனக்கு எப்பிடிக் கெடச்சிச்சு?”

கிரிஷாந்தன் அப்போதுதான் படத்தைக் கவனித்துப் பார்த்தான். “அம்மா?”

அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இலையைப் பார்த்துத்தான் பேசினாள்.

“எழுதிக்கிட்டுத்தான் இருந்தா.”

லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். பெரட்டுக்குப் போகிற ஆள் இந்த வீட்டில் அம்மா ஒருத்திதான்.

“எனக்கு எழுத்துத் தெரியாது. மாரிசாமி அண்ணன்தான் படிச்சுக் காட்டுவாரு. படிக்கிறேன்னா. வேல கெடச்சிருச்சுன்னா. கண்ணாடி போட்டுட்டேன், பாருங்கன்னு இந்தப் படத்த அனுப்புனா. வரவா, வரவான்னு ஒவ்வொரு கடுதாசியிலயும் கேப்பா.”

“நீ என்னா பதில் போட்ட?”

“போடல.”

“ஏம்மா?” சுதர்ஷினி கத்தியேவிட்டாள்.

“வந்தா ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருவாடி! அந்தச் சினிமா ஒருத்தியக் கொண்டுபோனது பத்தாதா? நீ பதுளைக்குப் போயிட்டு அந்திக்கு வீட்டுக்கு வந்துர்ற. அது போதும்னு இருந்தேன். என் வயித்தெரிச்சல் ஒனக்குத் தெரியுமா?”

“சரி, இப்ப எங்க இருக்கு அக்கா?” என்றான் கிரிஷாந்தன். “சொல்லும்மா, இப்பவே த்ரீவீல எடுக்குறேன்.”

அம்மா முந்தானைக்குள் கை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

“மூணு வருஷம் ஆச்சு,” என்றாள். “காய்ச்சலாம். நாலே நாள்ல…”

சுதர்ஷினியின் விரலில் கரி இன்னும் ஒட்டியிருந்தது.

“மூணு அமாவாச போயிருச்சு. என் புள்ளைக்கு ஒரு பிடி சோறு வைக்க முடியல. வச்சா, எப்பிடித் தெரியும்னு நீங்க கேப்பீங்க. பன்னெண்டு ஆவட்டும், காணாமப் போனவன்னு சொல்லி வச்சிர்றேன்னு இருந்தேன். நான் பாவி.” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கிரிஷாந்தன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அழுது சுதர்ஷினி பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு அம்மாவின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனால் அந்தக் கையைத் தட்டிவிடவும் மனசு வரவில்லை. கடிதத்தை வாங்கி விரித்தாள். வாய் விட்டுப் படித்தாள்.

‘லக்ஷனாவின் அம்மாவுக்கு. நான் அவளோடு ஒரே ஆபீசில் வேலை செய்த ஜுமானா எழுதுகிறேன். உங்கள் மகள் போன செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டாள். எங்கள் ஆபீசிலேயே கெட்டிக்காரி அவள்தான். பிழை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவோம். மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சரிசெய்து கொடுப்பாள்…’

“ஆமா,” என்றாள் அம்மா. “இம்புட்டுத்தான் எழுதியிருந்துச்சு.”

“இல்லம்மா. இன்னும் நாலு வரி இருக்கு.”

“இல்லையே. மாரிசாமி அண்ணன் அதோட மடிச்சுக் குடுத்துட்டாரே.”

சுதர்ஷினி கடைசி வரிகளைப் படித்தாள். ‘அவளுடைய மகள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஐந்து வயது. பேர் நந்திதா. அம்மம்மா வந்து கூட்டிப்போவா என்று தினமும் வாசலில் நிற்கிறாள். எப்போது வருவீர்கள்?’

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பிடின்னா இப்ப எட்டு வயசு,” என்றான் கிரிஷாந்தன் மெதுவாக. “மூணு வருஷமா வாசல்ல நிக்கிது. மாரிசாமி மாமா ஏன் இதப் படிக்கல? எங்க அவரு? ஒரு மணிக்கு வாறேன்னாரே?”

மணி ஒன்று பத்து. பாதையில் யாரும் வரவில்லை. ஸ்டோரில் கவிழ்ந்து கிடந்த கற்பூரத் தட்டு சுதர்ஷினியின் நினைவுக்கு வந்தது.

அப்போது அவள் தோளில் இருந்த பைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டொக், டொக்… டக்.

மூன்று பேருக்கும் கேட்டது. அம்மா சுவரோடு ஒண்டினாள். சுதர்ஷினி லெப்டொப்பை எடுத்து இரண்டு இலைக்கும் முன்னால் தரையில் வைத்துத் திறந்தாள். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை. லொறி நிரலின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது.

“என்னாடி எழுதியிருக்கு?” என்றாள் அம்மா. “எனக்குப் படிக்கத் தெரியாதுடி. ஒரு எழுத்து விடாமப் படி.”

சுதர்ஷினி படித்தாள்.

“‘இப்பப் போடும்மா. எனக்குக் கருப்பட்டி வேணாம்.’”

அம்மா திரையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அப்புறம் தவழ்ந்து முன்னால் வந்து, இரண்டாவது இலையில் இருந்த கருப்பட்டித் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சட்டியை இழுத்து ஒரு கரண்டி சோறு எடுத்து வைத்தாள்.

“லக்ஷனா,” என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. “சாப்பிடும்மா.”